இரத்தம் சொல்லும் சேதி

(மூன்றாம் ஆண்டு, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பிரிவு மாணவி எழுதியது)



சிவில் படிப்பவர்கள் கட்டடம் கட்டுவார்கள், மெக்கானிக்கல் படிப்பவர்கள் லேத் ஓட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "உங்க பிரிவுல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க? ரத்தம் எடுக்கத்தானே?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்கிற நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஒரு சிறு குழாய் இரத்தத்தை வைத்துக்கொண்டு, உடம்புக்குள் எந்த உறுப்பு அடிபட்டிருக்கிறது என்று கண்டறிய உதவும் நொதிச் சோதனைகளைப் பற்றி, புத்தகத்தில் படித்ததையும் ஊரில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரியோரக் குப்பத்தில் அப்பாவுக்கு வலைத் தொழில்; அம்மா மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்தப் படிப்பில் சேர்ந்த நாள் முதல், குப்பத்தில் யார் இரத்தப் பரிசோதனை செய்தாலும் அந்தச் சீட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். "பாப்பா, இதுல இன்னா போட்டுகீறாங்க பாரு. கூடுதலா, கொறச்சலா?" என்பார்கள். கூடுதல் என்றால் பயம். குறைச்சல் என்றால் சந்தோஷம். இந்தக் கணக்கு பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் இதை நம்பினால் உயிருக்கே ஆபத்து. அது ஏன் என்று விளக்குவதுதான் என் நோக்கம்.

நொதி என்றால் என்ன?

சோற்றை விழுங்காமல் வாயில் வைத்து நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. கறி சீக்கிரம் வேகட்டும் என்று அம்மா பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் நொதி வேலைதான். தான் செலவாகாமல், ஒரு வேதிவினையை மட்டும் பல மடங்கு வேகப்படுத்தித் தருகிற பொருள் நொதி. ஆங்கிலத்தில் என்ஸைம் என்று சொல்கிறோமே, அந்தப் பெயரை 1877இல் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே. நொதி என்பது ஒரு புரதம்தான் என்பதை, ஒரு வகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து 1926இல் காட்டினார் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர். அதற்காக 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

வெள்ளத்தில் மிதக்கும் பானை

நம் உடம்பின் செல் ஒவ்வொன்றும் ஒரு வீடு மாதிரி. நொதிகளில் பெரும்பாலானவை அந்த வீட்டுக்குள் இருந்து வேலை செய்ய வேண்டியவை. பழைய செல்கள் அழிந்து புதியவை உண்டாவதால், இரத்தத்தில் எப்போதும் சிறிதளவு நொதி இருக்கும். ஒரு உறுப்பில் ஏராளமான செல்கள் ஒரே சமயத்தில் உடைந்தால், உள்ளே இருந்த நொதி வெளியே கொட்டி இரத்தத்தில் கலந்துவிடும்.

எங்கள் பக்கம் பெருமழைக் காலத்தில் வெள்ளத்தில் பானை மிதந்து வந்தால், அந்தப் பானையைப் பார்த்தே யார் வீட்டுச் சுவர் விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். நொதிச் சோதனையும் இதே கதைதான். எந்தப் பானை எந்த வீட்டுடையது என்று தெரிந்தால் போதும்.

எஸ்.ஜி.பி.டி.: பெரும்பாலும் கல்லீரலுக்குச் சொந்தமானது. இப்போது ஏ.எல்.டி. என்றும் சீட்டில் போடுகிறார்கள்.

எஸ்.ஜி.ஓ.டி.: கல்லீரல், இதயம், தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. இதன் புதுப்பெயர் ஏ.எஸ்.டி.

அல்கலைன் பாஸ்பட்டேஸ்: பித்தக்குழாய், எலும்பு. பித்த வழி அடைத்துக்கொண்டால் ஏறும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் இயற்கையாகவே அதிகம். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும்.

சி.பி.கே.: தசை, இதயம். தசைச் சிதைவு நோய் உள்ள பையன்களுக்கு இது மிக அதிகமாக இருக்கும். அதை 1959இல் கண்டு சொன்னவர்கள் ஜப்பானியர்.

அமைலேஸ், லைபேஸ்: கணையம். வோல்கெமூத் என்பவர் 1908லேயே கணைய நோய்க்குச் சிறுநீரில் அமைலேஸ் அளந்து பார்த்தார்.

ஒரே பானை இரண்டு மூன்று வீட்டில் இருப்பதுதான் சிக்கல். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு விடிந்ததும் இரத்தம் கொடுத்தால், எங்கள் அப்பாவுக்கு சி.பி.கே. கூடித்தான் இருக்கும், எஸ்.ஜி.ஓ.டி.யும் கொஞ்சம் ஏறலாம். உழைத்த தசையிலிருந்து கசிந்தது அது. "முதல் நாள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்காமல் சீட்டை மட்டும் பார்த்தால், நல்ல மனிதரை நோயாளி ஆக்கிவிடுவோம்.

மாரடைப்புக்கும் முதலில் கைகொடுத்தது நொதிதான். மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறுகிறது என்று 1954இல் நியூயார்க்கில் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் வெளியிட்டார்கள். அடுத்து சி.பி.கே.யின் எம்.பி. வகை வந்தது. இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது டிரோபோனின். அது நொதி இல்லை, இதயத் தசைப் புரதம். ஆனால் உடைந்த வீட்டுப் பொருளைத் தெருவில் தேடுகிற தத்துவம் அதேதான்.

குறைந்தால் ஆபத்து காட்டும் சோதனை

கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி மட்டும் தலைகீழ். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்து உடம்புக்குள் போனால், இந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். நரம்புச் செய்தியை நிறுத்துவதற்கு ஆள் இல்லாமல் எச்சில், வியர்வை பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும். இரத்தத்தில் இந்த நொதி குறைந்திருந்தால் விஷம் ஏறியிருப்பதற்கு அது சாட்சி. பீகாரில் 2013 ஜூலை 16இல் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, அந்த உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ்தான். இவ்வகை விஷத்திலிருந்து தேறியதாகத் தெரிபவர்களுக்கு 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம் என்பதை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்க, கரலியத்த இருவரும். எனவே "கொறஞ்சா நல்லது" என்ற கணக்கு இங்கே முதல் அடி வாங்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார். அறிகுறியைப் பார்த்தவுடன் அட்ரோபின் ஊசி போட்டுவிடுவார். சோதனை உதவிக்குத்தான்.

லேப்பில் நடப்பது என்ன?

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குப் பிடித்த பகுதி இது. நொதியை எடை போட்டு அளப்பதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்கிறோம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றினால் அது ஒரு யூனிட். சீட்டில் "யூனிட் / லிட்டர்" என்று இருப்பதன் அர்த்தம் இதுதான்.

எஸ்.ஜி.பி.டி.யை எடுத்துக்கொள்வோம். அது அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பைருவேட்டாக மாற்றும். நாம் ஊற்றும் கரைசலில் இருக்கும் வேறொரு நொதி, அந்தப் பைருவேட்டை லாக்டேட் ஆக்கும். அப்படி ஆக்கும்போது என்.ஏ.டி.எச். என்ற பொருள் செலவாகும். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் புறஊதா ஒளியை விழுங்கும். செலவான பிறகு விழுங்காது. ஆகவே ஒளி விழுங்குவது எத்தனை வேகமாகக் குறைகிறதோ, அத்தனை நொதி இரத்தத்தில் இருக்கிறது. முதலாண்டு இயற்பியலில் மனப்பாடம் செய்த பியர்–லாம்பர்ட் விதி இங்கேதான் சோறு போடுகிறது!

ஒரு கணக்கு: 100 மைக்ரோலிட்டர் சீரம், 1000 மைக்ரோலிட்டர் கரைசல், வெப்பம் 37 டிகிரி. ஒளி உட்கவர்தல் முதலில் 1.240. ஒவ்வொரு நிமிடமும் 1.220, 1.200, 1.180 என்று இறங்குகிறது. நிமிடத்துக்கு 0.020. இந்த அளவுக்கான பெருக்கு எண் 1768. பெருக்கினால் ஏறத்தாழ 35 யூனிட். சராசரி மேல் வரம்பு சுமார் 40 என்பதால் இது சரியான அளவு. (வரம்பு லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். சீட்டில் அச்சடித்திருப்பதையே பார்க்க வேண்டும்.)

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

1. வெப்பம். ஒரு டிகிரி மாறினாலும் நொதியின் வேகம் மாறும். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

2. இரத்தத்தைக் கொண்டுவரும் விதம். குழாயைப் போட்டுக் குலுக்கினாலும், மீனுக்குப் போடுவது போல நேராக ஐஸில் புதைத்து உறையவிட்டாலும் சிவப்பணுக்கள் வெடிக்கும். அதிலுள்ள எஸ்.ஜி.ஓ.டி., எல்.டி.எச். நொதிகள் வெளியே வந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். சீரம் சிவப்பாக இருந்தால் மறுபடி இரத்தம் எடுப்பதுதான் நியாயம்.

3. நொதி மிக மிக அதிகமாக இருக்கும் இரத்தம். 2000, 3000 என்று இருந்தால், நாம் முதல் அளவு எடுப்பதற்குள் என்.ஏ.டி.எச். எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். பிறகு குறைவதற்கு ஒன்றும் இருக்காது. மெஷின் "மாற்றம் இல்லை" என்று சாதாரண அளவு போலக் காட்டும்! தெரிந்தவர் சீரத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்த்து, விடையைப் பத்தால் பெருக்குவார்.

மஞ்சள் காமாலையில் நொதி

கண் மஞ்சளானால் எல்லாம் ஒரே காமாலை என்று நினைக்கிறோம். மஞ்சள் நிறம் பிலிரூபின் என்ற சாயத்தால் வருவது. அது நொதி இல்லை. ஏன் மஞ்சள் என்று பிரிக்கத்தான் நொதி உதவுகிறது. எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால், வைரஸாலோ மருந்தாலோ கல்லீரல் செல்கள் உடைகின்றன என்று சந்தேகிக்கலாம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் மிகவும் ஏறி எஸ்.ஜி.பி.டி. கொஞ்சமாக ஏறியிருந்தால், கல்லோ கட்டியோ பித்த வழியை அடைத்திருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடியால் வந்த கெடுதலாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை 1957இல் எடுத்துக்காட்டியவர் இத்தாலியின் டி ரிட்டிஸ். எல்லா இடத்திலும் "இருக்கலாம்" என்றே எழுதுகிறேன். சுவர் விழுந்ததைப் பானை சொல்லும். இடித்தது மழையா, மரமா என்று சொல்லாது. எந்த வைரஸ் என்று அறிய வேறு சோதனை வேண்டும்.

நீர் வழியாக வரும் காமாலைக்கு நம் நாட்டில் பெரிய பாடம் டெல்லி. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், சாக்கடை கலந்த யமுனை நீர் குடிநீர்க் குழாயில் வந்ததால் ஏறத்தாழ 29,300 பேருக்குக் கண் மஞ்சளானது. அது ஹெபடைடிஸ் இ வகை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறிவிடும் இந்த நோய், கர்ப்பிணிகளைக் கொல்லக்கூடியது. கடைசி மூன்று மாதத்தில் வந்தால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கலாம்.

என் அண்ணியின் இரண்டு சீட்டுகள்

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம். குப்பத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி வடிந்திருந்தது. அண்ணிக்கு ஏழு மாதம். காய்ச்சல், வாந்தி, பிறகு கண் மஞ்சள். முதல் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. 1860, பிலிரூபின் 8, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 240. ஐந்து நாள் கழித்து இரண்டாம் சீட்டு. எஸ்.ஜி.பி.டி. 540. வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். "ஆயிரத்து எட்டுநூறு ஐநூறு ஆயிடுச்சே, மருந்து கேக்குது" என்றார் அண்ணன். அல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் அப்படியே அதிகமாக இருக்கிறதே என்று அம்மாவுக்குக் கவலை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சீட்டின் அடியில் இருந்த வேறு இரண்டு வரிகளைப் பார்த்தார். பிலிரூபின் 17. இரத்தம் உறையும் நேரம் 38 வினாடி; 13 வினாடியில் உறைய வேண்டியது. "பகல்ல தூங்குறாளா? ராத்திரி முழிச்சிக்கினு ஒளர்றாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். அந்த நிமிடமே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார்.

அம்மா பயந்த எண் பயப்பட வேண்டியதே இல்லை. அந்த நொதியில் பெரும் பங்கு நஞ்சுக்கொடி கொடுத்தது. நாங்கள் மகிழ்ந்த எண்தான் ஆபத்து. வெள்ளத்தில் பானை வருவது நின்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: சுவரைக் கட்டிவிட்டார்கள், அல்லது வீட்டில் பானையே மிச்சமில்லை. கல்லீரல் ஆறினால் எஸ்.ஜி.பி.டி. குறையும், கல்லீரலில் உடைவதற்குச் செல்லே குறைந்துபோனாலும் எஸ்.ஜி.பி.டி. குறையும். எது என்று தெரிய, மிச்சமிருக்கிற கல்லீரல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்வது கல்லீரல். ஆகவே உறையும் நேரம் நீண்டுகொண்டே போனால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். நொதி எவ்வளவு உடைந்தது என்று சொல்லும். எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து அண்ணி பிழைத்து வந்தார். குழந்தை தங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் அந்த 540ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால், அண்ணியும் இருந்திருக்க மாட்டார்.

கீழாநெல்லி பற்றி ஒரு வார்த்தை

எங்கள் ஆயா உட்பட ஊரில் எல்லோரும் கேட்பது: "கீழாநெல்லி குடிச்சா சரியாயிடுமே, எதுக்கு இத்தனை டெஸ்ட்டு?" இதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, இதே கீழாநெல்லியை ஆராய்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த வைரஸை நெடுநாள் சுமந்தவர்களில், 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு வைரஸின் அடையாளப் பொருள் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களில் 4 விழுக்காட்டினருக்குத்தான் மறைந்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்த அளவு பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் நான் கற்றது அவர்கள் சோதித்த முறை. நீர் வழி வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறும். அப்போது எஸ்.ஜி.பி.டி. இறங்கினால், கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். மருந்து சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆயா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.

நண்பர்களுக்கு

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். எந்தப் பிரிவில் படித்தாலும் வீட்டுக்கு வரும் சீட்டை நம்மிடம்தான் நீட்டுவார்கள். அப்போது இந்த நான்கை நினைவில் வையுங்கள்.

ஒரே எண்ணை வைத்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள். பழைய சீட்டையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

சாப்பிட்ட மருந்து, நாட்டு மருந்து, குடி, முதல் நாள் செய்த கடும் வேலை, கர்ப்பம் எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

காமாலை வந்தவர் தூக்கம் மாறி உளறினாலோ, பல் ஈறில் இரத்தம் வந்தாலோ, எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு குறைந்திருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றைக்கே போக வேண்டும். 108க்கு ஒரு போன் போதும்.

மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். எந்த லேப் சோதனையையும் விட மலிவான வைத்தியம் அது.

இன்றும் குப்பத்தில் சீட்டை நீட்டுகிறார்கள். "கூடுதலா, கொறச்சலா?" என்று கேட்டால், "உடம்பு எப்படி இருக்கு, அத சொல்லுங்க முதல்ல" என்று நான் திருப்பிக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.